சீட்டு விழுந்தவர்

பிப்ரவரி 2

அன்புள்ள மச்சானுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம், மறுபடியும் உங்கள் காகிதக் கடையில் வேலை கேட்டு எழுதவில்லை.

மே மாதம் எனக்கு ஓய்வு. முப்பத்தோரு வருஷம் ஒரே சபையில் போதகராக இருந்தாயிற்று. போகும்போது ஏதாவது செய்ய வேண்டும் என்று சபையார் பிடிவாதம் பிடிக்கிறார்கள். கடிகாரம், சாய்வு நாற்காலி எல்லாம் வேண்டாம், நான் எழுதி வைத்திருக்கும் ஒரு சின்னப் புத்தகத்தை அச்சுப் போட்டுக் கொடுங்கள் என்றேன். ஒத்துக்கொண்டார்கள். நாற்பத்தெட்டுப் பக்கம் வரும். ஐந்நூறு பிரதி. காகிதம் உங்களிடமிருந்துதான் வர வேண்டும் என்று உங்கள் தங்கச்சி உத்தரவு போட்டிருக்கிறாள்.

புத்தகம் எங்களுடைய பெயர்களைப் பற்றியது. பாதிரியார், போதகர், பாஸ்டர், பிரீஸ்ட் என்று எத்தனை பெயரில் கூப்பிடுகிறார்கள், ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, என்ன பொருள். கையெழுத்துப் பிரதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் முகஸ்துதி செய்யத் தெரியாதவர். அதனால்தான் முதலில் உங்களுக்கு.

கடைசி அத்தியாயத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். அது ‘கிளெர்ஜி’ என்ற சொல்லைப் பற்றியது. கிரேக்கத்தில் ‘கிளெரோஸ்’ என்றால் குலுக்கிப் போட்டு எடுக்கும் சீட்டு. இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவன் துரோகியாகிப் போன பிறகு, அந்த இடத்துக்கு அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டுத்தான் ஆள் எடுத்தார்கள். அப்படிக் கடவுளின் சீட்டு விழுந்தவர்கள் என்பதால் எங்களுக்கு அந்தப் பெயர் வந்தது. அதற்குக் கீழே என் கதையையும் எழுதியிருக்கிறேன். அந்தப் பத்தி இதுதான், பிழை இருந்தால் சொல்லுங்கள்:

‘பழைய போதகர் இறந்த பின் இந்தச் சபையில் படித்துத் தயாராக இருந்தவர்கள் இரண்டு பேர். நானும் எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாரும். இரண்டு முறை கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். இரண்டு முறையும் இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு. சீட்டுப் போடுவோம் என்றார் பெரிய மூப்பர். ஒரு காகித வியாபாரி இரண்டு துண்டுத் தாள் வெட்டிப் பெயர் எழுதி, காணிக்கைப் பையில் போட்டார். கண் தெரியாத பெரிய மூப்பர் உள்ளே கை விட்டு ஒன்றை எடுத்தார். என் பெயர் வந்தது.’

அந்தக் காகித வியாபாரி யாரென்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கு வாத்தியாரை, நம் நெட்டை வாத்தியாரைத்தான் முன்னுரை எழுதச் சொல்லியிருக்கிறேன். அவரைவிடப் பொருத்தமானவர் யார்?

இப்படிக்கு,
மாப்பிள்ளை


பிப்ரவரி 11

மாப்பிள்ளைக்கு,

புத்தகம் படித்தேன். ஒரே மூச்சில் படித்தேன் என்று சொன்னால் பொய். இரண்டு லாரி லோடு இறங்கும் நேரத்தில், எடைமேடைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுப் படித்தேன்.

பாதிரி என்பது கப்பலில் வந்த சொல் என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. போர்த்துக்கீசியன் மிளகு வாங்க வந்தான், வந்த கப்பலில் அவர்கள் ஊர் அப்பாவையும் இறக்கிவிட்டுப் போனான். நாம் அந்த ‘பாத்ரே’யை வாங்கி, நம் வழக்கப்படி ஒரு ‘யார்’ ஒட்டி மரியாதை பண்ணி வைத்துக்கொண்டோம். இறக்குமதிச் சரக்குக்கு உள்ளூர் லேபிள் ஒட்டுகிற வேலைதானே, எங்களுக்குப் புரியாதா. பாஸ்டர் என்றால் மேய்ப்பவன், பிரீஸ்ட் என்றால் மூத்தவன், மினிஸ்டர் என்றால் வேலைக்காரன் என்பதும் நன்றாக இருக்கிறது. கடைசியில் சொன்னதற்காகவே அரசியல்வாதி யாருக்காவது ஒரு பிரதி அனுப்புங்கள்.

‘கிளார்க்’ என்ற சொல்லும் ‘கிளெர்ஜி’ என்ற சொல்லும் ஒரே வேர் என்று போட்டிருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நீங்கள்தானாம், அதனால் எழுத்து வேலைக்கும் அதே பெயராம். அது உண்மையானால் நீங்கள் என் கடையில் எட்டு மாதம் கிளார்க்காக இருந்தபோது ஏன் அப்படி இருந்தீர்கள்? பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய கோடு போட்ட தாளை மிட்டாய்க் கடைக்கும், மிட்டாய் சுற்றுகிற தாளைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பிய மகான் நீங்கள்.

இப்போது வியாபாரம். காகிதம் என் செலவு, பேச்சு வேண்டாம். ஆனால் கடைசி அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள். நான் பக்கம் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தெட்டு அல்ல, ஐம்பத்திரண்டு வருகிறது. அச்சகத்தில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். மூன்று ஃபாரத்தில் முடிய வேண்டிய புத்தகம், நான்கு பக்கத்துக்காக நாலாவது ஃபாரம் ஏறும். வீண். தவிர, படிக்கிறவனுக்கு உங்கள் சொந்தக் கதை எதற்கு?

வாத்தியாரிடம் முன்னுரை கேட்டதும் சரியில்லை. தோற்றவரிடம் போய் வெற்றியைப் பற்றி எழுதச் சொல்வது என்ன நியாயம்? அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

தங்கச்சிக்கு முட்டிவலித் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

மச்சான்


பிப்ரவரி 19

அன்புள்ள மச்சானுக்கு,

தைலம் வந்தது. உங்கள் தங்கச்சி சொல்லச் சொன்னாள்: “முட்டிக்கு அனுப்பினா போதுமா, ஆளு எப்ப வரும்?”

ஃபாரம் கணக்கு எனக்கு விளங்கவில்லை. நாலு பக்கம் குறைய வேண்டுமென்றால் பாதிரியாரைச் சுருக்குகிறேன், பாஸ்டரை எடுத்துவிடுகிறேன். கடைசி அத்தியாயத்தை எடுக்க மாட்டேன். அதை எழுதத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன்.

உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சின்னவள் ஒன்பது வயதில் காய்ச்சலில் போனாளே, அந்த வருஷம் நான் இந்த வேலையை விட்டுவிட முடிவு செய்தேன். ராஜினாமாக் கடிதம் எழுதிச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு ஏழு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பண்ணினேன். ஒவ்வொரு வாரமும் மூப்பரிடம் கொடுக்கப் போவேன். ஒவ்வொரு வாரமும் அந்தச் சீட்டு நினைவுக்கு வரும். நானாகத் தேடி வந்த வேலையாக இருந்தால் நானாக விட்டுப் போகலாம். இது விழுந்த சீட்டு. எடுத்த கையை மீறிப் போக எனக்கு என்ன உரிமை என்று திரும்பி வந்துவிடுவேன். எட்டாவது வாரம் கடிதத்தைக் கிழித்தேன்.

வாத்தியாரைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்றீர்கள். அவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார். ஒன்றரைப் பக்கம். அதிலிருந்து கொஞ்சம்:

‘அந்தப் பைக்குள் என் பெயரும் இருந்தது. பெரிய மூப்பரின் விரல் ஒரு கணம் என் பெயரைத் தொட்டுவிட்டுத்தான் அடுத்ததை எடுத்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். எனக்குக் கிடைத்த பதில் ‘வேண்டாம்’ என்பது. பதில் வராமல் தவிக்கிறவர்கள் எத்தனையோ பேர். எனக்கு வந்தது. அதனால் பிறகு இரண்டு சபைகள் தேடி வந்து என்னைப் போதகராக அழைத்தபோதும், ஒரு முறை கேட்டு வாங்கிய பதிலை மறுபடி கேட்பது மரியாதையில்லை என்று மறுத்துவிட்டேன்.’

இரண்டு சபைகள் அழைத்த விஷயம் எனக்கே இப்போதுதான் தெரியும். மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்து முப்பத்தோரு வருஷம் என் பிரசங்கத்தைக் கேட்டவர், ஒரு வார்த்தை சொல்லவில்லை. எவ்வளவு பெரிய மனிதர் பாருங்கள்.

மாப்பிள்ளை


பிப்ரவரி 27

மாப்பிள்ளைக்கு,

இதை உட்கார்ந்து படியுங்கள். தங்கச்சி பக்கத்தில் இல்லாதபோது படியுங்கள்.

அந்தப் பைக்குள் வாத்தியார் பெயர் இல்லை. இரண்டு சீட்டிலும் உங்கள் பெயரைத்தான் எழுதினேன்.

எழுதி முடித்துவிட்டேன். இந்த ஒரு வரிக்கு மூன்று தாள் கெட்டது.

ஏன் என்று கேட்பீர்கள். அப்போது உங்கள் குடும்பம் என் குடோனுக்கு மேல் இருந்த ஒற்றை அறையில் இருந்தது. தங்கச்சிக்கு எட்டாம் மாதம். காகிதத் தூசியில் இருமிக்கொண்டே படியேறுவாள். நீங்களோ எந்தத் தாள் யாருக்குப் போகிறது என்று தெரியாமல், கட்டு பிரிக்கிற இடத்தில் நின்று கிரேக்க அகராதி படிப்பீர்கள். போதகர் வேலையோடு இரண்டு அறை வீடு ஒன்று வரும். ஜன்னல் உண்டு, சொந்தக் கிணறு உண்டு. நான் பார்த்தது அந்த வீட்டை. கடவுளை நான் அந்த நேரத்தில் பார்க்கவில்லை.

சீட்டு எழுதச் சொன்னதும் பின்னறைக்குப் போனேன். எழுத்து வெளியே தெரியாத தடித்த தாளாகத் தேடி எடுத்து வெட்டினேன். முதல் சீட்டில் உங்கள் பெயர். இரண்டாவதில் வாத்தியார் பெயரில் முதல் எழுத்தை எழுதியும் விட்டேன். வெளியே தங்கச்சி இருமுகிற சத்தம் கேட்டது. அந்தத் துண்டைக் கிழித்துவிட்டு வேறொன்று வெட்டினேன்.

பெரிய மூப்பர் ஒன்றை எடுத்து, பக்கத்திலிருந்தவர் வாசித்ததும், எல்லோரும் பாட எழுந்தார்கள். நான் பைக்குள் கை விட்டு மற்ற சீட்டை எடுத்தேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டேன். நான் விற்கிற சரக்கின் ருசி அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்று மாதம் கழித்து இந்த நகரத்துக்குக் கடையை மாற்றினேன். வியாபாரம் பெருக்க என்று எல்லோரிடமும் சொன்னேன். உங்கள் பிரசங்கத்தை வாராவாரம் கேட்க முடியவில்லை என்பதுதான் விஷயம். தங்கச்சி ‘ஆளு எப்ப வரும்’ என்று கேட்பதற்கும் அதுதான் பதில்.

உங்கள் மட்டில் எனக்கு வருத்தம் இல்லை, உள்ளதைச் சொல்கிறேன். நீங்கள் நல்ல போதகராகத்தான் இருந்தீர்கள். சாகும்வரை வாயைத் திறக்காமல் இருந்திருப்பேன். ஃபாரம், கீரம் என்று கதை விட்டது அதற்குத்தான். ஆனால் வாத்தியார் எழுதிய அந்த வரியைப் படித்த பிறகு முடியவில்லை. மூப்பர் விரல் தன் பெயரைத் தொட்டிருக்கும் என்று அந்த மனிதர் முப்பத்தோரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு சபைக்காரர்களை வேறு திருப்பி அனுப்பியிருக்கிறார். எடை குறைத்து ஒருவனை ஏமாற்றினால், அடுத்த லோடில் சேர்த்துப் போட்டுச் சரி பண்ணலாம். இதை எதில் சேர்த்துப் போடுவது?

திட்டுங்கள். ஆனால் எழுதுங்கள். போனில் வேண்டாம்.

மச்சான்


மார்ச் 20

மாப்பிள்ளைக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. வேண்டாம் என்று நானே சொன்ன போனையும் நான்கு தடவை போட்டுவிட்டேன். “அவர் தோட்டத்துல இருக்கார்ண்ணே” என்கிறாள் தங்கச்சி. உங்கள் வீட்டில் தோட்டமே கிடையாது. கிணற்றடியில் ஒரு முருங்கை நிற்கிறது, அதைச் சுற்றி மூன்று வாரம் என்ன பண்ணுவீர்கள்?

அச்சகத்துக்குக் காகிதம் அனுப்பாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். நீங்கள் ஒரு வார்த்தை எழுதும்வரை அது இங்கேயே கிடக்கட்டும்.

மச்சான்


மார்ச் 29

ஐயா,

மச்சான் என்று எழுதக் கை வரவில்லை. மன்னிக்க வேண்டும், இல்லை, மன்னிக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தை உட்கார்ந்துதான் படித்தேன். எழுந்திருக்கத்தான் நேரமாயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் ஆசீர்வாதம் சொல்லக் கையைத் தூக்கினேன். வார்த்தை வரவில்லை. தலைசுற்றல் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொண்டுவந்தவர் வாத்தியார்.

உங்களுக்கு அது ஒரு வீடு. எனக்கு அது என் காலடியில் இருந்த தரை. சின்னவளைப் புதைத்துவிட்டு வந்தும் நான் நின்றது அதன் மேல்தான். அங்கே ஒன்றுமில்லை, என் மைத்துனரின் கத்தரிக்கோல்தான் இருந்தது என்று இப்போது சொல்கிறீர்கள்.

உங்கள் தங்கச்சிக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேன். ஆனால் முப்பத்து மூன்று வருஷம் கூட வாழ்ந்தவளிடம் முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் மறைப்பது? சொல்லிவிட்டேன். அவள் முதலில் உங்களைத் திட்டினாள். பிறகு தான் இருமியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். மறுநாள் ஒரு வீட்டில் சாவு, வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டேன். “இனிமே நான் போகலாமா?” என்று அவளைக் கேட்டேன். கேள்வி அவளுக்குப் புரிந்தது என்று எனக்குத் தெரியும். “குடையை எடுத்துட்டுப் போங்க, மழை வரும்போல இருக்கு” என்றாள்.

போனேன். அவர்கள் என்னிடம் சீட்டைக் காட்டு என்று கேட்கவில்லை.

அதனால் என் கதையை நான் பார்த்துக்கொள்கிறேன். வாத்தியார் கதை அப்படியல்ல. அது என்னிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது. நான் போய்ச் சொன்னால், நான் நல்லவன், எனக்குத் தெரியாமல் நடந்தது என்று என் பாரத்தை இறக்கி வைத்ததாகிவிடும். எழுதியவர் நீங்கள், விழுங்கியவர் நீங்கள். நீங்களே வந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

தங்கள்
போதகர்


ஏப்ரல் 9

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் எப்படிக் கூப்பிட்டாலும் நான் இப்படித்தான் கூப்பிடுவேன்.

போன செவ்வாய்க்கிழமை வந்தேன். உங்கள் வீட்டுக்கு வரவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வாத்தியார் வீட்டுக்குப் போனேன். முப்பது கடைக்காரர்களிடம் வராத பாக்கியை வாங்கியிருக்கிறேன், யார் படியேறவும் கால் கூசியதில்லை. அந்த மாடிப்படி பதினாலும் ஏறுவதற்குள் இரண்டு தடவை இறங்கிவிட்டேன்.

வாத்தியார் மேஜைமேல் போர்வை விரித்துச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஆள் அதே உயரம், கொஞ்சம் கூன் விழுந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் சந்தோஷம். “காகிதக் கடை, வாங்க, வாங்க. எத்தனை வருஷம் ஆச்சு” என்றார். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயந்து நின்றபடியே சொல்லிவிட்டேன்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“என் பேரு பைக்குள்ள இல்லையா?”

“இல்லை.”

“ரெண்டு சீட்டுலயும்?”

“ரெண்டுலயும் இல்லை.”

“பாதிக்குப் பாதின்னு நெனச்சிருந்தேன்” என்றார். “பூஜ்யமா?”

அவ்வளவு மெதுவாகச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். “இன்னைக்கு இல்லை” என்றார். “இப்ப நீங்க கிளம்புங்க.” நான் கிளம்பினேன். பாதிப் படியில் மேலிருந்து சத்தம்: “நில்லுங்க. செருப்பு.” வெறுங்காலோடு இறங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். திரும்ப ஏறினேன். என் செருப்புக்குப் பக்கத்தில் அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நானும் ஒரு படி கீழே உட்கார்ந்தேன்.

“அந்த மலையடிவாரத்து ஊர்லேர்ந்து நாலு பேர் வந்தாங்க” என்றார். “பன்னெண்டு குடும்பம்தான் இருக்கோம், பெரிய ஆளெல்லாம் எங்ககிட்ட வர மாட்டாங்க, நீங்க வாங்கன்னாங்க. கர்த்தர் எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டார்னேன். அதுல ஒரு பெரியவர் அழுதுட்டார். ரெண்டு வருஷம் கழிச்சு இன்னொரு சபையிலேர்ந்து வந்தாங்க. அவங்ககிட்டயும் கர்த்தர் சொல்லிட்டார்னேன். கர்த்தர் சொல்லலை. காகிதக் கடைக்காரர் சொல்லியிருக்கார்.”

வாயைத் திறந்தால் வியாபாரி மாதிரி ஏதாவது பேசித் தொலைப்பேன் என்று குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டேன்.

அவரே, “போதகருக்கு இது எப்பத் தெரியும்?” என்று கேட்டார். போன மாதம்தான் என்றேன். “ஏன் ஆசீர்வாதம் சொல்லலைன்னு இப்பப் புரியுது” என்றார். பிறகு உங்களுக்கு ஒரு செய்தி சொல்லி அனுப்பினார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“அவர் மே மாசம் போனப்புறம் புது ஆள் வர்ற வரைக்கும் பிரசங்கத்துக்கு ஒருத்தர் வேணும்ல. அதுக்கு என் பேரையும் வைக்கச் சொல்லுங்க. பரிதாபப்பட்டு யாரும் கொடுக்க வேண்டாம். சீட்டும் வேண்டாம். கையத் தூக்கச் சொல்லி எண்ணட்டும். தோத்தாலும் மனுஷங்ககிட்டத் தோத்தேன்னு இருக்கும்.”

அவ்வளவுதான். அங்கிருந்து உங்கள் தெருமுனைவரை வந்தேன். தங்கச்சி வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல் பஸ் ஏறிவிட்டேன்.

மச்சான்


ஏப்ரல் 18

மச்சானுக்கு,

தெருமுனைவரை வந்தவர் வீட்டுக்கு வராமல் போனதற்கு உங்கள் தங்கச்சி தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். அதை நீங்களே வந்து தீர்த்துக்கொள்ளுங்கள், நான் நடுவில் வர மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்குப் பதிலாக நடந்ததைச் சபையில் சொன்னேன். வாத்தியாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான். உங்கள் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் இந்த ஊரில் காகிதக் கடை வைத்திருந்தவர் எத்தனை பேர்? சொல்லி முடித்ததும் பின்வரிசையிலிருந்து நம் தையல்காரர் எழுந்து, “ஐயா, அப்ப நீங்க பண்ணி வெச்ச எங்க கல்யாணமெல்லாம் செல்லுமா?” என்று கேட்டார். அவர் மனைவி, “செல்லாதுன்னு சொல்லுங்கய்யா, புண்ணியமாப் போகும்” என்றாள். சபை சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போதுதான் நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

இன்னொன்று. கடைசி அத்தியாயத்தை மறுபடி எழுதினேன். ஒரு உண்மையை நானும் மறைத்திருந்தேன், சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல் சீட்டிலிருந்துதான் வந்தது என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ‘கிளெரோஸ்’ என்றால் பங்கு என்றும் பொருள் உண்டு, அதை வைத்து வேறு விளக்கமும் இருக்கிறது. இஸ்ரவேலருக்கு நிலம் பிரித்துக் கொடுத்தபோது ஒரு கோத்திரத்துக்கு மட்டும் நிலம் இல்லை, கடவுளே அவர்கள் பங்கு என்று விடப்பட்டார்கள்; அவர்களைப் பின்பற்றி வந்த பெயர் என்கிறார்கள். இது எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும். என் கதைக்கு முதல் விளக்கம் ஒத்து வந்ததால் இரண்டாவதைக் கண்டுகொள்ளாமல் விட்டேன். நீங்கள் ஒரு சீட்டை விழுங்கினீர்கள். நான் ஒரு விளக்கத்தை விழுங்கினேன்.

இப்போது இரண்டையும் எழுதிவிட்டு, எது சரியென்று எனக்குத் தெரியாது என்றும் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு நடந்ததையும் நடந்தபடியே எழுதியிருக்கிறேன். அதாவது, ‘காகித வியாபாரி இரண்டு சீட்டிலும் ஒரே பெயரை எழுதினார்’ என்று வரும். நீங்கள் வேண்டாம் என்றால் அத்தியாயத்தையே எடுத்துவிடுகிறேன். முதலில் நீங்கள் சொன்னதும் அதுதானே.

மாப்பிள்ளை


ஏப்ரல் 24

மாப்பிள்ளைக்கு,

போடுங்கள். நாலாவது ஃபாரம் ஏறினால் ஏறட்டும்.

என் மகன்களுக்கு நேற்றுச் சொன்னேன், அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாமே என்று. மூத்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான். இளையவன், “இதுக்காகவாப்பா நாம அத்தை வீட்டுக்குப் போகாமயே இருந்தோம்?” என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

காகிதம் இன்று காலை ஏற்றிவிட்டேன். எழுபது ஜிஎஸ்எம் அனுப்புவதாக இருந்தேன், அதைவிடத் தடித்த எண்பது அனுப்பியிருக்கிறேன். என் பொய்யை என் காகிதத்திலேயே அச்சடிப்பதென்றால் பின்பக்கம் தெரியாத தாளாக இருக்கட்டும். வாத்தியார் முன்னுரையை என்ன செய்தார்? கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

வழியனுப்பு அன்று நான் வரலாமா?

மச்சான்


மே 12

அன்புள்ள மச்சானுக்கு,

வரலாமா என்று கேட்டவர், வாருங்கள் என்று போனில் சொல்லியும் வழியனுப்புக்கு வரவில்லை. உங்கள் தங்கச்சி வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பரவாயில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் தாங்க முடியாதுதான். அடுத்த மாதம் வாருங்கள். போதகர் வீட்டைக் காலி பண்ண வேண்டும், புத்தகக் கட்டு தூக்க ஆள் இல்லை.

வாத்தியார் முன்னுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ‘இதுல இருக்கறதெல்லாம் தப்பு, தப்பான விடைக்கு மார்க் கிடையாது’ என்றார். முன்னுரை இல்லாமலே புத்தகம் வந்துவிட்டது.

நேற்று ஆராதனை முடிந்ததும் அவர் கேட்டபடியே கை தூக்கச் சொன்னோம். ஐம்பத்தெட்டுப் பேர். புது ஆள் வரும்வரை வாத்தியார் பிரசங்கம் பண்ணலாம் என்றவர்கள் பத்தொன்பது. வேண்டாம் என்ற கைகளை எண்ணிய மூப்பர் நாற்பது என்றார். வாத்தியார் தன் இடத்திலிருந்தே, “முப்பத்தொன்பது. நம்ம தையல்காரர் ரெண்டு கையையும் தூக்கினார்” என்றார். மறுபடி எண்ணினார்கள். முப்பத்தொன்பதுதான்.

தோற்றுவிட்டார். வயதாகிவிட்டது, குரல் பின்வரிசைக்கு எட்டாது, வாலிபர்களுக்கு வேறு மாதிரி ஆள் வேண்டும் என்று காரணமும் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவர் ஒவ்வொரு காரணத்துக்கும் ‘சரி, சரி’ என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார்.

“நல்லா இருக்கு” என்றார்.

“எது நல்லா இருக்கு?”

“காரணம் தெரிஞ்சு தோக்கறது.”

இன்று காலை பால் வாங்கப் போனபோது அவரை பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். ஒரு தோள்பை, தண்ணீர் பாட்டில். எங்கே என்று கேட்டேன். மலையடிவாரத்து ஊருக்காம். இடைப்பட்ட வருஷங்களில் அந்தப் பன்னிரண்டு குடும்பத்துக்கு இரண்டு போதகர்கள் வந்து போய்விட்டார்களாம், இப்போது மறுபடி யாரும் இல்லையாம்.

“இப்ப என்ன அவசரம், போன் பண்ணிக் கேட்டுட்டுப் போகலாமே” என்றேன்.

“போன்ல வேண்டாம்னு சொல்றது சுலபம். அன்னைக்கு அவங்க நேர்ல வந்தாங்க, நான் வேண்டாம்னேன். இன்னைக்கு நான் நேர்ல போறேன், அவங்க வேண்டாம்னு சொல்லட்டும். சொல்லிட்டா சாயங்காலம் ஆறரை பஸ்ல திரும்பிருவேன்.”

நானும் கூட வருகிறேன் என்றேன். பால் பாத்திரத்தோடு ஏறவும் தயாராகத்தான் இருந்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்க வராதீங்க” என்றார். “நீங்க வந்தா உங்களைக் கூப்பிட்டுருவாங்க.”

இருவரும் சிரித்தோம். ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். கால் நீட்ட இடம் போதாமல் முட்டியை மடக்கிக்கொண்டு, அறுபத்தைந்து வயதில் வேலைக்கு விண்ணப்பம் கொடுக்கப் போகிற மனிதர். உங்களைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பஸ் நகரும்போது, “காகிதக் கடைக்காரர் வந்தா சொல்லி அனுப்புங்க” என்று மட்டும் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை.

இப்போது மணி ஐந்து. கடிதத்தை ஒட்டாமல் வைத்திருக்கிறேன். பஸ் நிறுத்தத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து முடிக்கிறேன்.

மணி ஏழு. ஆறரை பஸ் வந்தது. எல்லோரும் இறங்கும்வரை நின்று பார்த்தேன். கண்டக்டரிடமும் கேட்டேன். அவர் அதில் வரவில்லை.

மாப்பிள்ளை